முன்விளக்குகள் எரியாவிடின்: பழுதைக் காணல்

பருத்தித்துறையிலிருந்து இரவில் மீன் ஏற்றிவரும் பிக்கப் வாகனமொன்றின் முன்விளக்கு எரியவில்லை எனக் கொள்வோம். உடனே மின்குமிழை மாற்ற வேண்டுமா? முதலில், அணைந்தது ஒரு விளக்கா, இரண்டுமா எனப் பாருங்கள்.

இரு விளக்குகளும் சமாந்தரமாகத் தொடுக்கப்பட்டவை. எனவே ஒன்று மட்டும் எரியாவிடின் பழுது அதன் கிளையிலேயே உள்ளது. குமிழின் இழை அறுந்திருக்கலாம். சில வாகனங்களில் அவ்விளக்குக்கெனத் தனி உருகி உண்டு, அது எரிந்திருக்கலாம். உப்புக் காற்று வீசும் கரையோரத்தில் புவி இணைப்பு துருப்பிடிப்பதும் வழக்கம். அதனைச் சுரண்டித் துப்புரவாக்கி இறுக்குங்கள்.

இரண்டும் ஒருங்கே அணைந்தால்? இரு குமிழ்களும் ஒரே கணத்தில் பழுதாவது அரிது. எனவே இரண்டுக்கும் பொதுவான உருகி, ஆளி, றிலே ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கணித்துப் பார்ப்போம். 12 வோல்ற்று, 55 வாற்றுக் குமிழொன்றில் பாயும் மின்னோட்டம் 55 ÷ 12, அதாவது ஏறத்தாழ 4.6 அம்பியர். இரண்டுக்கும் 9.2 அம்பியர். இவற்றுக்குப் பொதுவாக 15 அம்பியர் உருகி போதுமானது. புதிய உருகியும் உடனே எரிந்தால் எங்கோ குறுஞ்சுற்று உள்ளது.

கவனிக்க: உருகிக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை ஒருபோதும் இடாதீர்கள். உருகி எரியாது; வடமே சூடாகி, வாகனம் தீப்பற்றக்கூடும்.

பரீட்சையில் “இரண்டும் எரியவில்லை” என வினவினால், பொதுப் பகுதியைப் பெயரிட்டு, சமாந்தரத் தொடுப்பைக் காரணமாக எழுதுங்கள்.