முகத்தோடு ஒட்டும் கண்ணாடி

கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவர்களுக்குத் தெரியும், தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எதுவும் உருப்படியாகத் தெரியாது. பக்கத்தில் நீந்துபவரின் கை வெளிறிய நிழல் மாதிரி அசையும். படிக்கல் எது, பாறை எது என்று பிரியாது. தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். ஆனால் அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த லட்சத்தீவுக் கடலில் முங்கிக் கண்ணைத் திறந்தாலும் இதே கதைதான். நம் கண் காற்றில் பார்ப்பதற்கென்று அமைந்த கண்.

கண்ணின் ஒளி குவிக்கும் திறன் மொத்தம் சுமார் 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவுக்கு முன்பக்கத்துக் கார்னியாவே பார்த்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மிச்ச வேலையைத்தான் செய்கிறது. கார்னியா இவ்வளவு ஒளியை வளைப்பதற்குக் காரணம் அதற்கு வெளியே இருக்கும் காற்று. காற்றின் ஒளிவிலகல் எண் 1, கார்னியாவின் எண் 1.376. அந்தக் காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் எண் 1.333 ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாததுபோல் ஆனதும், ஒளி வளையாமல் உள்ளே போய்விடுகிறது. விழித்திரையில் எதுவும் குவிவதில்லை.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மியான்மர், தாய்லாந்துக் கரையோரத் தீவுகளில் கடலையே வீடாகக் கொண்டு வாழும் மோக்கன் மக்களின் குழந்தைகள் வெறும் கண்ணோடு முங்கிச் சிப்பியும் கடலட்டையும் பொறுக்குகிறார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனா கிஸ்லேன் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் நீருக்குள் ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்று தெரியவந்தது. முங்கும்போது அவர்கள் கண்ணின் பாவையைச் சுமார் 2 மில்லிமீட்டர் வரை சுருக்கி, லென்ஸையும் முடிந்தவரை குவிக்கிறார்கள். பின்னர் நடந்த சோதனையில் ஐரோப்பியக் குழந்தைகளும் பழகப் பழக அதைக் கற்றுக்கொண்டார்கள். வயது வந்த நமக்கு அந்த வித்தை வராது. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு போவதுதான் வழி. ஸ்நார்க்கல் மாஸ்க் செய்வது அவ்வளவுதான். ஒளி தண்ணீரிலிருந்து தட்டைக் கண்ணாடி வழியாகக் காற்றுக்கு வந்து, பிறகு கண்ணுக்குள் போகிறது. இந்த மாற்றத்தால் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு பக்கத்திலும் தெரியும். பத்தடி தள்ளிப் போகும் மீன் ஏழரை அடியில் போவதுபோல் இருக்கும். கை நீட்டித் தொடப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

நீச்சல் குளத்துக் காகிள்ஸே போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். மேல்மட்டத்தில் நீந்த அது போதும், முங்கினால் ஆகாது. தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் காற்றழுத்தத்தின் அளவுக்கு இன்னொரு பங்கு அழுத்தம் கூடுகிறது. 2 மீட்டர் இறங்கினாலே, கண்ணாடிக்குள் இருக்கும் காற்று ஆறில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். காகிள்ஸில் மூக்கு வெளியே இருப்பதால் உள்ளே காற்றை நிரப்ப வழியில்லை. அது கண்ணை உறிஞ்சும், வெள்ளைவிழியில் ரத்தம் கட்டிவிடும். மாஸ்க்கில் மூக்கு உள்ளேயே இருக்கிறது. இறங்க இறங்க மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று விட்டால் அழுத்தம் சமமாகிவிடும். 1930களில் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையில் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்குகள் வந்த பிறகுதான் சாதாரண மனிதர்கள் கடலுக்குள் நிம்மதியாக முங்கிப் பார்க்க முடிந்தது.

நம் கரையில் இதெல்லாம் விளையாட்டுப் பொருள் அல்ல, பிழைப்பு. மன்னார் வளைகுடாவில் சங்கு எடுக்க முங்குபவர்கள் மாஸ்க் போட்டு, அலுமினியத் தகட்டைக் காலில் துடுப்பாகக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கிப் பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிறார்கள். அந்த ஊரைச் சேர்ந்த இலட்சுமி 2015 இல் சீகாலஜி விருது பெற்றவர். மணிக்கணக்கில் கடலில் கிடக்கும் அவர்களுக்குக் கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்தால் அன்றைய கூலியே போய்விடும்.

கோவை, ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் இப்போது கொச்சிக்குப் போய் லட்சத்தீவுக்குக் கப்பலோ விமானமோ ஏறுகிறார்கள். அந்தமானுக்கும், இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே புறாத்தீவுக்கும் போகிறார்கள். இத்தனை ஆயிரம் செலவழித்துப் போய், அங்கே வாடகைக்குக் கிடைத்த மாஸ்க் ஒழுகியதால் ஒரு பவளப்பாறையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் திரும்புபவர்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. உங்கள் மாஸ்க்கை ஊரிலேயே பார்த்து வாங்கி எடுத்துக்கொண்டு போங்கள். விலையையும் பிராண்டையும் நிறத்தையும் பிறகு பார்க்கலாம். உங்கள் முகத்தில் அது இடைவெளியில்லாமல் ஒட்டுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. கடைசிக் கேள்வியும் அதுதான்.

மோட்டார் பம்பு ஊர்க்காரர்களான நமக்கு இது எளிதில் விளங்கும். கிணற்று மோட்டாரின் சக்‌ஷன் பைப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மோட்டார் காத்து வாங்கும். எத்தனை குதிரைத்திறன் போட்டாலும் தண்ணீர் ஏறாது. போல்ட்டை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று முறுக்கினால் கேஸ்கெட் நெளிந்து கசிவு அதிகமாகும். மாஸ்க்கின் சிலிகான் விளிம்பும் கேஸ்கெட்தான், பட்டைதான் போல்ட். மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடிப்பது வெளியே இருக்கும் தண்ணீரின் அழுத்தம். பட்டை அதை நகராமல் வைத்திருந்தால் போதும். ஒழுகுகிறதே என்று பட்டையை இழுத்து இழுத்து இறுக்குபவர்களுக்கு நெற்றியில் சிவந்த தடம்தான் மிச்சம்.

கடையில் கேட்டால், “இது ஃப்ரீ சைஸுங்க, எல்லாத்துக்கும் சேருமுங்க” என்பார்கள். சேராது. குறுகிய முகம், அகன்ற முகம், தூக்கிய கன்னம், பள்ளமான கன்னம், எடுப்பான மூக்கு என்று முகத்துக்கு முகம் அமைப்பு வேறு. பட்டையை மாட்டாமல் சோதித்துப் பாருங்கள். முகத்தை மேலே நிமிர்த்தி, கூரையைப் பார்த்தபடி, மாஸ்க்கை முகத்தின்மேல் வெறுமனே வையுங்கள். அழுத்த வேண்டாம். கூட வந்தவரைச் சுற்றிலும் பார்க்கச் சொல்லுங்கள். நெற்றிப் பொட்டு, கன்னத்தின் ஓரம், மேலுதடு ஆகிய இடங்களில் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த மாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தெரியாவிட்டால் மூக்கால் லேசாக மூச்சை இழுத்து நிறுத்துங்கள். கையை எடுத்து முகத்தைக் குனித்தாலும் அது ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும். இங்கே ‘லேசாக’ என்பதுதான் முக்கியம். பலமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் ஒட்டத்தான் செய்யும், அது பொய்யான தேர்ச்சி. அடுத்து மூச்சுவிடும் குழாயான ஸ்நார்க்கலின் வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சோதியுங்கள். வாயில் ஒன்றைக் கவ்வியதும் கன்னமும் மேலுதடும் வடிவம் மாறிவிடும். அதுவரை ஒட்டிய மாஸ்க் இந்தக் கட்டத்தில் விட்டுவிடுவது சகஜம். கடைசியாக, கண்ணாடிச் சட்டம் புருவத்திலோ மூக்குத் தண்டிலோ இடிக்கிறதா என்று பாருங்கள். கடையில் சின்ன உறுத்தலாக இருப்பது கடலில் அரைமணி நேரத்தில் தலைவலியாகிவிடும். மூக்கை வெளியிலிருந்து இரண்டு விரலால் பிடித்து அடைக்க முடியவேண்டும். முங்கும்போது காது அடைப்பு எடுக்க அது தேவை.

இனி மீசை. நம்மூர் ஆண்களுக்கு மாஸ்க் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூக்குக்குக் கீழே விளிம்பு உட்காரும் இடத்தை உற்றுப் பாருங்கள். நல்ல மாஸ்க்கில் அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மெல்லிய மடிப்புகள் இருக்கும். அவை தோலில் படிய வேண்டும். மீசை முடி அவற்றைத் தூக்கிப் பிடிக்கும்போது, முடிக்கு முடி நடுவே இருக்கும் சந்தில் தண்ணீர் ஏறும். முதலில் மேலுதட்டில் ஈரம், அடுத்து மூக்குத் துளையில் உப்பு எரிச்சல். மீசையை எடுக்க மனமில்லாதவர்கள் மூக்கின் அடியில் ஒரு விரலின் பாதி அகலத்துக்கு மட்டும் மழித்துக்கொண்டால் போதும். அதற்கும் மனமில்லையென்றால் சிலிகான் கிரீஸைக் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம், கசிவு நிற்காது, குறையும். தலைமுடி ஒன்று விளிம்புக்குள் மாட்டினாலும் இதே கதைதான். கூந்தலை இறுகக் கட்டி, நெற்றி முடியைப் பின்னால் தள்ளிவிட்டு மாட்ட வேண்டும். தோடு, ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள். நெற்றியில் பூசிய சன்ஸ்கிரீன் விளிம்பை வழுக்கச் செய்வதோடு கண்ணையும் எரிக்கும்.

பவர் கண்ணாடி போடுபவர்கள் அதன்மேல் மாஸ்க் மாட்ட முடியாது, காதுக்குப் போகும் கம்பி விளிம்பைத் தூக்கிவிடும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்குகளில் சிலவற்றுக்கு, அரை டயாப்டர் இடைவெளியில் பவர் லென்ஸ்கள் தயாராகவே கிடைக்கின்றன. நீரில் எல்லாம் பெரிதாகத் தெரிவதால், கிட்டப்பார்வை குறைவாக உள்ளவர்கள் சாதாரண மாஸ்க்கிலேயே சமாளித்துவிடுவார்கள். கான்டாக்ட் லென்ஸோடு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீரில் இருக்கும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் தங்கினால் கார்னியாவையே புண்ணாக்கிவிடும்.

கண்ணாடி ‘டெம்பர்ட்’ கண்ணாடியாக இருக்கட்டும், அந்தச் சொல் கண்ணாடியிலேயே பொறித்திருக்கும். உடைந்தாலும் கூரான சில்லாகாமல் மழுங்கிய துணுக்குகளாகச் சிதறும். விளிம்பு சிலிகானா பி.வி.சி.யா என்று பாருங்கள். சிலிகான் மெத்தென்று மடங்கி உடனே பழைய நிலைக்கு வரும். பி.வி.சி. விறைப்பாக இருக்கும், பிளாஸ்டிக் வாடை அடிக்கும், நாளாக நாளாக இறுகிவிடும்.

ஸ்நார்க்கல் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீளம் 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சரி. நீளக் குழாய் வைத்து ஆழத்திலிருந்து மூச்சுவிடலாமே என்று குழந்தைகள் கேட்பார்கள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் நெஞ்சை அழுத்தும் அழுத்தத்தை மீறி மூச்சை உள்ளிழுக்க நம் தசைகளுக்குத் தெம்பு போதாது. போதாததற்கு, விட்ட மூச்சே குழாய்க்குள் தங்கித் திரும்ப வரும்.

முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கை டெகாத்லான் நிறுவனம் 2014 இல் கொண்டுவந்தது. மூக்காலேயே மூச்சுவிடலாம் என்பதால் புதியவர்களுக்கு அது பிடிக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா உச்சத்தில் இருந்தபோது இத்தாலியின் பிரெஸ்சியா நகரில் இசின்னோவா என்ற நிறுவனம், முப்பரிமாண அச்சில் செய்த ஒரு வால்வைப் பொருத்தி, அதே மாஸ்க்கை நோயாளிகளின் சுவாசக் கருவியோடு இணைத்தது. மெச்ச வேண்டிய வேலை. ஆனால் கடலில் எனக்கு அது ஏற்புடையதல்ல. அதன் ஒருவழி வால்வுகள் சரியாக மூடாவிட்டால் விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும். மூக்கை அடைக்க முடியாது என்பதால் முங்க முடியாது. பதற்றத்தில் சட்டென்று கழற்றவும் சிரமம்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய சிலிகான் படலம் இருக்கும். அதைப் போக்காவிட்டால் எத்தனை துடைத்தாலும் பனி படியும். ஜெல் அல்லாத வெள்ளைப் பற்பசையை உள்பக்கம் தடவி, விரலால் சில நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்ய வேண்டும். பிறகு ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டோ, சொந்த எச்சிலோ தடவி லேசாக அலசினால் போதும். மூச்சின் ஈரம் துளித்துளியாக நிற்காமல் ஒரே படலமாகப் படரும், பார்வை மறையாது.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் வீட்டில் அகன்ற அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கையும் ஸ்நார்க்கலையும் மாட்டி முகத்தை அமிழ்த்திப் பத்து நிமிடம் மூச்சுவிட்டுப் பாருங்கள். பட்டை காதுக்கு மேலே, பின்மண்டையின் அகன்ற இடத்தில் படிய வேண்டும். அடுத்து நீச்சல் குளத்தில், நிலை கிடைக்கும் ஆழத்தில், தண்ணீர் வெளியேற்றப் பழகுங்கள். மாஸ்க்கை வேண்டுமென்றே கொஞ்சம் திறந்து தண்ணீர் விட்டு, முகத்தைச் சற்று நிமிர்த்தி, சட்டத்தின் மேல்பக்கத்தை விரலால் அழுத்தி, மூக்கால் மெதுவாக, நீளமாகக் காற்றை விடுங்கள். தண்ணீர் கீழ் விளிம்பு வழியாக வெளியேறிவிடும். மாஸ்க்கோடு கிணற்றில் குதிக்கக் கூடாது. முங்கும் முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடவும் கூடாது. உடலில் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டும் எச்சரிக்கை வரும் முன்பே தண்ணீருக்குள் மயக்கம் போட்டுவிடும்.

மாஸ்க்கில் ஏறிய தண்ணீரை வெளியேற்றும் பழக்கம் நமக்கு மட்டும் நன்மை செய்வதில்லை. கடலில் மாஸ்க்கில் தண்ணீர் ஏறியவர் பதறி முதலில் செய்வது, காலை ஊன்றி நின்று மாஸ்க்கைக் கழற்றுவது. ஆழம் குறைந்த இடத்தில் அந்தக் கால் பெரும்பாலும் பவளத்தின்மேல்தான் படும். பாறை மாதிரி உருண்டு வளரும் பவளங்கள் பல, வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஒழுகாத மாஸ்க்கை மாட்டியவருக்கும், மிதந்தபடியே தண்ணீரை வெளியேற்றத் தெரிந்தவருக்கும் அங்கே கால் ஊன்ற வேண்டிய அவசியமே வராது.