முன்னேற்றம் தடைசெய்யப்பட்ட பந்தயம்: பழைய போர்ஷேயின் வியாபாரக் கணக்கு

பஞ்சிகாவத்தைக் கடைகளில் இருபது வருடங்களுக்கு முந்திய மொடலுக்கான உதிரிப்பாகம் ஒன்று இறாக்கையில் கிடந்தால் அதை முடங்கிய முதல் என்று சொல்வோம். வருடக் கணக்கெடுப்பின்போது மனதை உறுத்தும் சரக்கு அது. ஆனால் 1965ஆம் ஆண்டில் ஜேர்மனியில் செய்யப்பட்ட ஒரு காரின் எஞ்சின் பாகங்களுக்கும் கியர்பெட்டிக்கும் இன்று ஐரோப்பாவில் நல்ல கிராக்கி இருக்கிறது. அந்தக் கார்களைப் பந்தயத்தில் ஓட்டுகிறார்கள். ஓடினால் தேயும், மோதினால் உடையும், உடைந்தால் பாகம் வேண்டும். இந்த வியாபாரம் முழுவதும் ஒரு விதிப் புத்தகத்தின் மேல் நிற்கிறது என்பதுதான் உதிரிப்பாகத் துறையில் முப்பது வருடங்களுக்கு மேல் இருக்கும் என்னை யோசிக்க வைத்தது.

கார் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போர்ஷே 911. இதன் எஞ்சின் பின்சில்லுகளுக்கும் பின்னால் தொங்குவது போல் பொருத்தப்பட்டிருக்கும். நமக்கு இது புதிதல்ல. நமது வீதிகளில் ஒரு காலத்தில் நிறைய ஓடிய வொக்ஸ்வாகன் பீட்டில் காரும் அப்படித்தான். பொருட்களை வைக்க முன்மூடியைத் திறக்க வேண்டும். முச்சக்கர வண்டியின் எஞ்சினும் பின்னால்தான் இருக்கிறது. பீட்டிலை வடிவமைத்த பெர்டினண்ட் போர்ஷேயின் பேரன்தான் 911இன் உருவத்தை வரைந்தவர். ஆகவே இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

1963 செப்டெம்பரில் பிராங்பேர்ட் கண்காட்சியில் இந்தக் காரைக் காட்டியபோது அதன் பெயர் 901. நடுவில் பூச்சியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தமக்குரியவை என்று பிரான்ஸின் பீஜோ நிறுவனம் ஆட்சேபித்தது. வழக்காடிக் காலத்தை வீணாக்காமல் போர்ஷே நடு இலக்கத்தை ஒன்றாக மாற்றிவிட்டது. அதற்கு முன் 901 என்ற பெயரில் செய்யப்பட்டவை 82 கார்கள் மட்டுமே. இந்த 82 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். எஞ்சின் ஆறு சிலிண்டர், 1991 சீசீ, 130 குதிரைவலு, குளிர்விப்பது காற்று. இதில் ரேடியேட்டரும் இல்லை, தண்ணீர்ப் பம்பும் இல்லை.

எஞ்சின் பின்னால் இருப்பதில் நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு. காரின் பாரத்தில் ஏறக்குறைய அறுபது வீதம் பின்சில்லுகளில் விழுகிறது. எனவே வளைவிலிருந்து வெளியேறி வேகமெடுக்கும்போது சில்லுகள் வழுக்காமல் நிலத்தைப் பிடிக்கும். பிரேக் பிடிக்கும்போதும் பின்சில்லுகள் சும்மா இருப்பதில்லை, வேலை செய்யும். ஆனால் வளைவின் நடுவில் ஓட்டுநர் பயந்து அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே சரியும், பின்பக்கம் இலேசாகும், கனத்த எஞ்சினின் வீச்சில் காரின் வால் வெளியே சுழன்றுவிடும். கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவது போன்றது இது. ஆரம்ப காலக் கார்களில் இந்தக் குறையைச் சமாளிக்க, முன்பம்பரின் இரண்டு மூலைகளிலும் பதினொரு கிலோ இரும்பை வைத்து அனுப்பினார்கள். உலகப் புகழ்பெற்ற பொறியியலாளர்கள் கடைசியில் இரும்புத் துண்டை வைத்துச் சமன் பார்த்தார்கள் என்பதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நமது தராசுக்காரரும் அதைத்தானே செய்கிறார்! சரியான வைத்தியம் 1969 மொடலில்தான் வந்தது. பின்சில்லுகளை 57 மில்லிமீற்றர் பின்னே தள்ளினார்கள், ஒரு பெரிய பற்றரிக்குப் பதில் இரண்டு சிறிய பற்றரிகளை முன்மூலைகளில் வைத்தார்கள். கார் அடங்கிப் போனது.

இப்போது பந்தயத்துக்கு வருவோம். 1965ஆம் ஆண்டுக் காரில் இந்த 57 மில்லிமீற்றர் திருத்தத்தைச் செய்துகொண்டு பந்தயத்துக்குப் போகலாமா? போக முடியாது. எப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனத்தின் விதிகளில் “பின்னிணைப்பு கே” என்று ஒன்று இருக்கிறது. வரலாற்றுக் கார்ப் பந்தயங்களுக்கான சட்டம் அது. கார்களை அது காலப்பிரிவுகளாகப் பிரிக்கிறது. 1962 முதல் 1965 இறுதி வரை ஒரு பிரிவு, 1966 முதல் 1971 வரை இன்னொன்று, 1972இலிருந்து அடுத்தது என்று போகிறது. ஒரு கார் எந்தக் காலப்பிரிவில் ஓடுகிறதோ, அந்தக் காலத்தில் சர்வதேசப் பந்தயங்களில் அந்த மொடல் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். பிந்திய காலத்துப் பாகத்தைப் பூட்டினால் பிந்திய பிரிவுக்குப் போக வேண்டும், அங்கே அதைவிட வேகமான கார்களுடன் மோத வேண்டிவரும். ஆக, குறையும் அசலின் ஒரு பகுதி. வாலைச் சுழற்றும் காராகத்தான் அது பந்தயத்துக்கு வர வேண்டும்.

விலக்கு ஒன்றுதான், பாதுகாப்பு. உருண்டால் ஆளைக் காக்கும் இரும்புக் கூடு, நவீன இருக்கைப் பட்டி, தீயணைக்கும் கருவி போன்றவற்றை விதியே கேட்கிறது. டயர் விடயத்தில் கண்டிப்பு அதிகம். டன்லொப் நிறுவனம் அக்கால வடிவிலேயே தயாரிக்கும் பந்தய டயர்கள் இதற்கென்றே விற்பனையாகின்றன. ஐம்பது அறுபது வருடங்களுக்கு முந்திய டயருக்கு இன்றும் அச்சு ஓடுகிறது என்பது நம் துறையிலுள்ளவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

எது அசல் அமைப்பு என்பதை யார் தீர்மானிப்பது? இங்கேதான் கடதாசி வருகிறது. அக்காலத்தில் ஒரு மொடலைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போது உற்பத்தியாளர் எப்.ஐ.ஏ.க்கு ஒரு படிவம் கொடுத்தார். சில்லின் அகலம், எஞ்சினின் அளவு, கியர் விகிதம், படங்கள் எல்லாம் அதில் இருக்கும். விற்பனைக்கு வழிவகுக்க எழுதிய அந்தப் படிவம் இன்று சட்டமாகிவிட்டது. அதை வைத்துத்தான் ஒவ்வொரு தனிக் காருக்கும் “வரலாற்றுத் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு” என்ற பத்திரம் வழங்கப்படுகிறது. சுருக்கமாக எச்.டி.பி. என்பார்கள். அந்தந்த நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பு காரைப் பரிசோதித்து, படம் எடுத்து, இதை வழங்குகிறது. வழங்கிய நாளிலிருந்து பத்தாவது வருட முடிவில் காலாவதியாகும். பந்தயத் திடலில் பரிசோதகர் இந்தப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரைப் பார்ப்பார்.

வியாபாரிகளாகிய நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான். பத்திரம் கையில் இருப்பதால் இது 1965இல் பந்தயம் ஓடிய கார்தான் என்று நினைத்துவிட முடியாது. சாதாரண வீதிக் காராக விற்கப்பட்டு, ஒரு நாளும் பந்தயத் திடலை மிதிக்காத 911 ஒன்றை அக்காலப் பந்தய அமைப்புக்கு மாற்றினாலும் விதி அனுமதிக்கிறது, பத்திரமும் கிடைக்கிறது. இந்தப் பத்திரம் போட்டிக்கு மட்டுமே, காரின் வரலாற்றுக்கு இது அத்தாட்சியல்ல, வியாபாரத் தேவைக்கு இதைப் பாவிக்கக்கூடாது என்று எப்.ஐ.ஏ. வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் விற்பனை விளம்பரங்களில் “எச்.டி.பி. உள்ளது” என்பதைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பொய் இல்லைதான். ஆனால் வாங்குபவர் அதை எப்படி விளங்கிக்கொள்வார் என்பது விற்பவருக்குத் தெரியாமலா இருக்கும்? நமது சந்தையில் “ஜெனுவின்” என்ற சொல் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை நான் நீட்டி விளக்கத் தேவையில்லை.

வரலாற்றுக்கு வேறு கடதாசிகள் வேண்டும். ஒவ்வொரு காரும் வெளியேறும்போது தொழிற்சாலை எழுதிய அட்டைப் பதிவு, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், பழைய பந்தய முடிவுகள், பழைய உரிமையாளர்களின் பதிவுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். 1965 மொன்டே கார்லோ ரெலியில் ஹேர்பேர்ட் லிங்கேயும் பீற்றர் பால்க்கும் 911 ஒன்றை ஓட்டி ஐந்தாமிடம் பெற்றார்கள். அதே வருடத்தில் செய்யப்பட்டு ஒரு டொக்டரின் வீட்டில் நின்ற காரையும், அந்த ரெலிக் காரையும் இன்றைய திடலில் அருகருகே நிறுத்தினால் பரிசோதகருக்கு இரண்டும் ஒன்றுதான். வாங்குபவருக்கு ஒன்றல்ல.

விதி எப்படிச் சந்தையை உண்டாக்கும் என்பதற்கு இன்னுமொரு உதாரணம். 1972இல் போர்ஷே ஒரு பந்தயப் பிரிவில் நுழைய விரும்பியது. குறைந்தது 500 கார்கள் செய்து விற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கரேரா ஆர்.எஸ். 2.7 என்ற மொடல் அப்படித்தான் பிறந்தது. இவ்வளவு இலேசான, வசதி குறைந்த காரை 500 பேர் வாங்குவார்களா என்று கொம்பனியின் விற்பனைப் பிரிவினரே சந்தேகப்பட்டார்கள். ஒக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார்கள். சில வாரங்களில் 500ம் முடிந்துவிட்டது. மொத்தமாக 1580 செய்து விற்றார்கள். அதன் பந்தய வடிவம் 1973இல் அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தையும் இத்தாலியின் டார்கா ப்ளோரியோவையும் வென்றது. இன்று சாதாரண 911 ஒன்றுக்குப் பின்னால் வாத்தின் வால் போன்ற தகட்டைப் பூட்டி ஆர்.எஸ். போல் ஆக்கியவை எத்தனையோ ஓடுகின்றன. ஆர்.எஸ். போல் என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். அந்தப் “போல்” விழுந்துவிட்டால் மோசடி.

அந்த 82 கார்களுக்கு வருகிறேன். தான் செய்த 901களில் ஒன்றுகூடப் போர்ஷே அருங்காட்சியகத்தின் கையில் இருக்கவில்லை. 2014இல் பழைய பொருட்களைத் தேடும் ஜேர்மன் தொலைக்காட்சிக் குழுவொன்று ஒரு களஞ்சியத்தில் துருப்பிடித்த காரொன்றைக் கண்டு அருங்காட்சியகத்துக்கு அறிவித்தது. செசி இலக்கத்தைப் பார்த்தார்கள், 57ஆவது கார். முன்மட்காட் இரண்டும் இல்லை, அடித்தட்டு அரித்துப் போயிருந்தது. நிபுணர் மதிப்பிட்ட 107,000 யூரோவைக் கொடுத்து வாங்கினார்கள். மூன்று வருட வேலைக்குப் பின் 2017 டிசம்பரில் காட்சிக்கு வந்தது. அந்தப் பணம் தகட்டுக்குக் கொடுத்ததல்ல, தகட்டில் குத்தியிருந்த இலக்கத்துக்குக் கொடுத்தது.

ஓடுவதற்கு இடம் இருந்தால்தான் சந்தை உயிரோடு இருக்கும். பிரான்ஸின் பீற்றர் ஓட்டோ என்ற ஏற்பாட்டு நிறுவனம் 2018இல் 1966க்கு முந்திய இரண்டு லீற்றர் 911களுக்கென்றே தனிப் பந்தயத் தொடரை ஆரம்பித்தது. எல்லாம் ஒரே மொடல், ஒரே விதி. அதே நிறுவனம் நடத்தும் லு மான்ஸ் க்ளசிக் விழாவுக்கு 2023இல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். இதன் பின்னால் எஞ்சின் கட்டுவோர், காபரேட்டர் சீர்செய்வோர், தகடு அடிப்போர், கார் ஏற்றிச் செல்லும் லொறிக்காரர் என்று எத்தனையோ சிறு வேலைத்தலங்கள் வாழ்கின்றன. பாகத்தைப் புதிதாகச் செய்து விற்கவும் முடியும், வடிவமும் உலோகமும் பழையதைப் போலவே இருந்தால். போர்ஷேயே தனது பழைய கார்களுக்கான பாகங்களைத் தொடர்ந்து விற்கிறது. பெருந்தொகையாக வார்க்க முடியாத சில அரிய பாகங்களை முப்பரிமாண அச்சு முறையில் செய்வதாக 2018இல் அறிவித்தது.

பெரிய கொம்பனியால் முடியாததை ஒரு சிறு வேலைத்தலம் செய்து காட்டிய கதையும் இதில் உண்டு. கிழக்கு ஆபிரிக்காவின் சபாரி ரெலியை 911 ஒருபோதும் வென்றதில்லை. 1978இல் போர்ஷே இரண்டு கார்களுடன் போனது. ஒன்று இரண்டாமிடம், பியோர்ன் வால்டகோர்ட் ஓட்டிய மற்றது நான்காமிடம். 2003 முதல் அதே மண்ணில் பழைய கார்களுக்கான சபாரி க்ளசிக் நடக்கிறது. 2011இல் வால்டகோர்ட் தன் மகனைப் பக்கத்தில் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு 911 ஒன்றில் அதை வென்றார். அப்போது அவருக்கு வயது 68. அந்தக் காரைத் தயாரித்துக் கொடுத்தது இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட்ஷயரில் இயங்கும் டட்ஹில் என்ற குடும்ப வேலைத்தலம். காரை விற்பது அவர்களது வருமானத்தில் ஒரு பகுதிதான். காரை வாடகைக்குக் கொடுத்து, மெக்கானிக்குகளையும் பாகங்களையும் கூடவே ஆபிரிக்காவுக்கு அனுப்பி, ரெலி முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கார் அவர்களுடையதாகவே இருக்கிறது, அடுத்த ரெலிக்கும் அதே காரைக் கொடுக்கலாம்.