ஜீமெயிலுக்குள் வைத்த கடைக் கணக்கு

கலஹா பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு சிக்கலுடன் வந்தார். அவருடைய பங்காளி காலமாகிவிட்டார். பிள்ளைகளுடன் கணக்குப் பார்த்துப் பிரிக்க வேண்டும். யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்பதற்கான 2007ஆம் ஆண்டுப் பதிவுகளோ, அவருடைய ஜீமெயிலுக்குள் கிடந்தன. எடுக்கும் வழி மறந்துவிட்டது.

அந்த வழியின் பெயர் ஜீஸ்பேஸ். பழைய வாசகர்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 2004 ஏப்ரல் 1இல் கூகுள் 1 ஜிகாபைட் இடத்துடன் ஜீமெயிலை அறிவித்தபோது, ஏப்ரல் முட்டாள் விளையாட்டு என்றே பலர் நினைத்தனர். அன்று ஹொட்மெயில் இலவசமாகக் கொடுத்தது 2 மெகாபைட்தான். இவ்வளவு இடத்தைக் கடிதத்துக்கு மட்டும் வைப்பானேன் என்று யோசித்தவர்கள், பயர்பொக்ஸ் உலாவியில் இணைக்கும் ஜீஸ்பேஸ் என்ற துணைநிரலை உருவாக்கினார்கள். திரையில் ஒரு பக்கம் உங்கள் கணனி, மறு பக்கம் ஜீமெயில். ஒரு கோப்பைத் தெரிவுசெய்து அம்புக்குறியை அழுத்தினால் அது உங்களுக்கே அனுப்பப்பட்ட மின்னஞ்சலின் இணைப்பாகப் போய் உட்கார்ந்துவிடும். வித்தை அவ்வளவுதான்.

இது கூகுள் தந்த வசதியல்ல. ஜீமெயிலின் அமைப்பு மாறும்போதெல்லாம் துணைநிரல் தடுமாறியது. 2017 நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் 57, பழைய வகைத் துணைநிரல்களை அடியோடு கைவிட்டது. இத்தகைய வெளியார் மென்பொருள்களிடம் கடவுச்சொல்லைக் கொடுப்பதிலும் ஆபத்து இருந்தது. ஜீமெயிலைப் பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்ன ஜீ-ஆர்க்கைவர் என்ற மென்பொருள், பயனர்களின் கடவுச்சொற்களைத் தன்னை ஆக்கியவரின் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது 2008இல் அம்பலமானது.

ஆயினும் கதவு போனதே தவிர, சாமான் உள்ளேதான் இருந்தது. சாதாரணமாக ஜீமெயிலைத் திறந்து, தனக்குத்தானே அனுப்பிய, இணைப்புள்ள பழைய கடிதங்களைத் தேடியதும் நண்பரின் கோப்புகள் வந்தன. அவருடைய மகன் அதே கணக்கைத் தன் கைத்தொலைபேசியில் பாவித்து வந்தது அதிர்ஷ்டம். இரண்டு வருடம் எவரும் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் அழிக்கத் தொடங்கியிருக்கிறது.

இப்போது அந்தத் துணைநிரல் தேவையில்லை. 2012 ஏப்ரலில் கூகுள் டிரைவ் வந்தது. 2013இலிருந்து மொத்தம் 15 ஜிகாபைட் இலவசம். ஆனால் மின்னஞ்சல், கோப்பு, 2021 ஜூனுக்குப் பின் ஏற்றிய படங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒரே பெட்டி. அண்ட்ரொய்ட் தொலைபேசியின் வட்ஸ்அப் பிரதியும் அதற்குள்தான். கல்யாண வீட்டு வீடியோவால் பெட்டி நிறைந்தால் கண்டியிலிருந்து வரவேண்டிய விலைப்பட்டியல் உங்களுக்கு வந்து சேராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். ஆகவே கடைக்கு மகனுடைய கணக்கு வேண்டாம், தனிக் கணக்கு ஒன்றைத் திறவுங்கள். மாதமொரு முறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுங்கள். கடவுச்சொல்லை எழுதி உறையிலிட்டு, பங்காளிக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நம் ஆட்கள் தட்டிக்கழிப்பது இதைத்தான்.

நண்பர் கோப்புகளை இரண்டு பென் டிரைவ்களில் ஏற்றி, ஒன்றைப் பங்காளியின் மூத்த மகனிடம் கொடுத்தார். கணக்கு இன்னும் முடியவில்லை. 2009இல் மூன்று மாதப் பதிவுகள் அதில் இல்லை.