தொழிலாளி என்பவர் யார்? செனட்டர் வாக்னரின் சட்டங்களும் அவற்றின் எல்லையும்

ஒரு நாட்டில் எத்தனை பேர் வேலையின்றி இருக்கின்றனர் என்று கேட்டால், அதற்கு விடை கூற அரசாங்கத்தில் ஓர் இலாகா இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 1928ஆம் ஆண்டில், உலகிலேயே செல்வம் மிக்க நாடாக விளங்கிய அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவ்வினாவிற்கு விடை கூற வல்லார் ஒருவருமிலர். கோதுமை விளைச்சலுக்குக் கணக்கு இருந்தது; பன்றிகளின் தொகைக்கும் கணக்கு இருந்தது; வேலையிழந்த மனிதனுக்கு மட்டும் கணக்கில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் விழாதவனுக்கு அன்றைய கூலி இல்லை என்பதைத் தோட்டத்தார்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கில் வராதவனுக்கு அரசாங்கத்தின் கவலையிலும் இடமில்லாமற் போவதும் அத்தகையதே.

அவ்வினாவைச் செனட் சபையில் எழுப்பியவர், நியூயார்க் மாநிலத்தின் உறுப்பினர் ராபர்ட் எஃப். வாக்னர் ஆவார். அமெரிக்கக் காங்கிரஸ் இரு சபைகளைக் கொண்டது. அவற்றுள் மேற்சபையாகிய செனட்டுக்கு, மாநிலம் பெரிதாயினும் சிறிதாயினும், இருவரே செல்வர். 1927 முதல் 1949 வரை, 22 ஆண்டுகள் வாக்னர் அங்கு அமர்ந்திருந்தார். அந்நாட்டில் தொழிற்சங்க உரிமை, முதியோர் ஓய்வூதியம், வேலையிழந்தோர் உதவித்தொகை, ஏழையர்க்கு அரசாங்க வீடு ஆகியவை எவ்வாறு வந்தன என்று வேர்தேடிச் செல்வோர், ஒவ்வொன்றிலும் இவர் பெயரைச் சந்திப்பர். அச்சட்டங்களுள் யார் சேர்க்கப்பட்டனர் என்பதோடு, யார் விடப்பட்டனர் என்பதையும் காணல் வேண்டும். விடப்பட்டவர்கள் வயலிலும் தோட்டத்திலும் பிறர் வீட்டு அடுப்படியிலும் பாடுபட்டவர்கள்.

பூட்டிய கதவு

வாக்னர் 1877ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ஜெர்மனியின் பிரஷ்யப் பகுதியைச் சார்ந்த நாஸ்டாட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் ஒரு வாடகைக் குடியிருப்பைக் கூட்டிப் பெருக்கிக் காத்துவந்தார். மகன் தெருவில் செய்தித்தாள் விற்றுப் படித்தார். கட்டணமில்லாத நகரக் கல்லூரியில் 1898இல் தேறிப் பின் வழக்கறிஞரானார். பின்னாளில் இவரது உயர்வைப் பாராட்டியவர்களிடம், அது வெறும் அதிர்ஷ்டமே என்றும், அவ்வாறு மேலேற இயலாது போனவர்களையே எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் கூறுவது இவர் வழக்கம். மேலேறியவர்கள் பலரும் இதற்கு நேர்மாறாகவே பேசுவர்.

அரசியலில் இவர் நுழைந்தது டாமனி ஹால் என்னும் கட்சி அமைப்பின் வழியாக. ஊழலுக்கும் வாக்கு வாணிபத்துக்கும் பேர்போன அமைப்பு அது. அங்கிருந்து இத்தகைய ஒருவர் வந்தது வியப்பே எனினும், ஏழைக் குடியேறிகளின் வாசற்படியை நாள்தோறும் மிதித்த அமைப்பும் அதுவே என்பதை மறத்தலாகாது.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெளியேறும் வழிகளுள் ஒன்றன் கதவு பூட்டப்பட்டிருந்தது. மாண்டவர் 146 பேர். அவருட் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவிற்கு, அப்போது மாநில மேற்சபை உறுப்பினராயிருந்த வாக்னரே தலைவரானார். அக்குழுவினர் நாற்காலியில் அமர்ந்து சாட்சியம் கேட்டதோடு நில்லாமல், ஆலை ஆலையாகச் சென்று பார்த்தனர். அவர்களை அழைத்துச் சென்றவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் அமெரிக்காவின் முதற் பெண் அமைச்சராகித் தொழிலாளர் துறையை ஏற்ற பிரான்சிஸ் பெர்க்கின்ஸ் அம்மையார். ஓர் ஆலையில் ‘தீத்தப்பும் வழி’ என்று எழுதியிருந்த சிறு துவாரத்தினுள் வாக்னரையே நுழைந்து வரும்படி செய்தார் அவர். துவாரத்திற்கு அப்பால் பனி உறைந்த இரும்பு ஏணி ஒன்று தொங்கியது. அதுவும் தரைக்குப் பன்னிரண்டடி மேலேயே முடிந்துவிட்டது. முப்பதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைச் சட்டங்கள் அவ்விசாரணையிலிருந்து பிறந்தன.

வேலையற்றோர் எத்தனை பேர்?

நிற்க. 1928ஆம் ஆண்டின் வினாவிற்குத் திரும்புவோம். செனட் சபையின் தீர்மானத்திற்கு விடையாக, தொழிலாளர் துறை அமைச்சர் ஏறத்தாழ 18 லட்சத்து 74 ஆயிரம் என்று ஒரு தொகை கொடுத்தார். வாக்னர் அதனை ஏற்கவில்லை. அத்தொகை 1925ஆம் ஆண்டோடு ஒப்பிட வேலை எவ்வளவு குறைந்தது என்பதையே காட்டிற்று. 1925இலேயே வேலையின்றி இருந்தவர் கதி என்ன? அவர்கள் கழித்தலில் மறைந்துபோயினர். இது பள்ளிப் பிள்ளைகளும் அறியத்தக்க கணக்குப் பிழை. ஆயின் ஓர் அரசாங்கம் அதனை வைத்துக்கொண்டு நெருக்கடி ஏதுமில்லை என்று சொல்ல முடிந்தது.

வாக்னர் மூன்று மசோதாக்களைக் கொண்டுவந்தார். முதலாவது, வேலைநிலையை மாதந்தோறும் முறையாகக் கணக்கெடுக்க. இரண்டாவது, தொழில் தளரும் காலத்தில் உடனே தொடங்கத்தக்க பொதுப்பணிகளை முன்கூட்டியே திட்டமிட்டு வைக்க. மூன்றாவது, வேலை தேடுவோரையும் ஆள் தேடுவோரையும் இணைக்கும் அரசாங்க நிலையங்களை நாடெங்கும் அமைக்க. வேலையின்மை சோம்பேறியின் குறையன்று, தொழில் அமைப்பின் குறை என்பதே மூன்றுக்கும் அடிப்படை. கணக்கெடுப்பு மசோதா 1930இலும், பொதுப்பணி மசோதா 1931இலும் சட்டமாயின. மூன்றாவதற்கு அதே 1931இல் அதிபர் ஹூவர் கையொப்பமிட மறுத்துவிட்டார். அமெரிக்க முறைப்படி, அதிபர் மறுத்த மசோதா மீண்டும் நிறைவேற இரு சபைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும்.  1933இல் அதிபர் ரூஸ்வெல்ட் வந்தபின்னரே அந்நிலையங்கள் தோன்றின. அப்போது வேலை செய்யத் தக்கவருள் நால்வரில் ஒருவர் வேலையின்றித் திரிந்தனர்.

கூலியும் வாங்கும் சக்தியும்

வாக்னரின் பொருளாதாரக் கொள்கை எளியது. இயந்திரம் பண்டங்களைப் பெருக்கித் தள்ளுகிறது. அவற்றை வாங்க வேண்டியவர், அவற்றைச் செய்யும் மக்களே. கூலி உயராமல் ஆதாயம் மட்டும் உயர்ந்தால், பண்டம் தேங்கும், ஆலை மூடும், கூலி மேலும் குறையும். ஆகவே கூலியை உயர்த்துவது தருமமன்று, பொருளாதாரத்திற்கே தேவை என்றார். தனித்து நிற்கும் தொழிலாளி ஒரு பெருங் கம்பெனியோடு பேரம் பேச இயலாது. கூடிப் பேசும் உரிமை இருந்தால்தான் கூலி உயரும் என்பது அதன் தொடர்ச்சி.

இக்கருத்தே 1935ஆம் ஆண்டு தேசியத் தொழிலுறவுச் சட்டத்தின் முன்னுரையிலும் எழுதப்பட்டது. ‘வாக்னர் சட்டம்’ என்று உலகறிந்தது இதுவே. இரண்டாண்டுக்கு முன் வந்த தொழில் மீட்சிச் சட்டத்திலும் சங்கம் சேரும் உரிமை ஒரு பிரிவாக இருந்தது. ஆயினும் அதற்குப் பல் இல்லை. முதலாளிகள் பலர் தாமே ‘கம்பெனிச் சங்கம்’ ஒன்றைத் தோற்றுவித்து, சங்கம்தான் இருக்கிறதே என்று கைவிரித்தனர். ஒரே ஆள் மேசையின் இருபுறமும் அமர்ந்து பேரம் பேசுவது போன்றது இது. 1935 மே 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பழைய சட்டத்தையே செல்லாததாக்கியது. அதற்குள் வாக்னரின் புதிய மசோதா செனட்டில் 63க்கு 12 என்னும் வாக்குகளால் நிறைவேறியிருந்தது. ஜூலை 5ஆம் நாள் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்டார்.

சட்டத்தின் அமைப்பு இது: தொழிலாளர் சங்கம் அமைக்கலாம், கூட்டாகப் பேரம் பேசலாம், வேலைநிறுத்தம் செய்யலாம். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையிலிருந்து நீக்குதல், கம்பெனிச் சங்கத்தை வளர்த்தல், பேச்சுவார்த்தைக்கு மறுத்தல் முதலிய ஐந்து செயல்கள் முதலாளிக்கு விலக்கப்பட்டன. எந்தச் சங்கம் தமக்காகப் பேசவேண்டும் என்பதைத் தொழிலாளரே வாக்களித்து முடிவு செய்வர். பெரும்பான்மை பெற்ற சங்கமே எல்லோர்க்குமாகப் பேசும். இவற்றை நடத்த மூவர் கொண்ட வாரியம் ஒன்று அமைந்தது.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. 58 பெரிய வழக்கறிஞர்கள் கூடி, இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று அறிக்கையே வெளியிட்டனர். பல கம்பெனிகள் தீர்ப்பு வரும்வரை கீழ்ப்படியப் போவதில்லை என்றிருந்தன. பென்சில்வேனியாவின் அலிக்விப்பா நகரில், ஜோன்ஸ் அண்டு லாப்லின் எஃகு ஆலையில் சங்க ஊக்கமுடைய பத்துத் தொழிலாளர் நீக்கப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1937 ஏப்ரல் 12ஆம் நாள் ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு நீதிபதியின் வேறுபாட்டில் சட்டம் பிழைத்தது. 1935இல் நாற்பது லட்சத்திற்கும் குறைவாயிருந்த சங்க உறுப்பினர் தொகை, பத்தாண்டில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடியை எட்டியது.

சட்டம் முதலாளியை மட்டும் கட்டுப்படுத்துகிறது, சங்கத்தைக் கட்டுப்படுத்தவில்லை என்பது எதிர்ப்பாளர் வாதம். அதில் சிறிதும் நியாயமில்லை என்று கூறிவிட முடியாது. 1947இல் அதிபர் ட்ரூமனின் மறுப்பையும் மீறி வந்த டாப்ட்–ஹார்ட்லி சட்டம் அவ்வாதத்தின் விளைவே. ஆனால் அது சங்கங்களுக்கு வரம்பு கட்டியதோடு நில்லாமல், சங்க உறுப்பினராதலை வேலைக்கு நிபந்தனையாக்கும் ஒப்பந்தங்களை மாநிலங்கள் தடை செய்யவும் வழிவிட்டது. உடல்நலம் குன்றியிருந்த வாக்னர், தம் சட்டம் திருத்தப்பட்ட அந்நாளில் சபைக்கு வர இயலவில்லை.

இரண்டு விலக்குகள்

இனி, சட்டத்தின் இரண்டாம் பிரிவைக் காண்க. ‘தொழிலாளி’ என்னும் சொல்லுக்கு அங்கு விளக்கம் தரப்பட்டுள்ளது. அவ்விளக்கம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்துகிறது. காலை முதல் மாலை வரை வெயிலில் பருத்தி பறிப்பவர், பழம் ஆய்பவர், பிறர் பிள்ளையைச் சுமந்து பிறர் துணியை வெளுப்பவர் எவரும் அச்சட்டத்தின் கண்ணில் தொழிலாளர் அல்லர். தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தம் வீட்டுப் பேச்சுப்போல் அறிந்த வாசகர்க்கு இது விந்தையாகவே தோன்றும்.

1934இல் வாக்னர் முதன்முதல் கொணர்ந்த மசோதாவில் இவ்விலக்கு இல்லை. சபைக் குழுவில் அதனைத் திருத்தி எழுதியபோதே நுழைந்தது; 1935இல் நிலைபெற்றுவிட்டது. பெருநிலக்காரரின் வலிமையா, தென் மாநில உறுப்பினர்களின் பிடியா, எது பெரிய காரணம் என்பதில் வரலாற்றாசிரியர் ஒத்துப்போவதில்லை. விளைவில் மட்டும் ஐயமில்லை. தென் மாநிலங்களின் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் அன்று செய்தவை இவ்விரு வேலைகளே. அதே ஆண்டில் வாக்னர் செனட்டில் கொண்டுவந்த சமூகக் காப்புறுதிச் சட்டத்தின் முதியோர் ஓய்வூதியமும் இவர்களை விட்டுவிட்டது. 1950இலும் 1954இலும் செய்த திருத்தங்களாலேயே பெரும்பாலோர் உள்ளே வந்தனர். நிறம் பார்த்து ஆளை விலக்கும் சங்கங்களைத் தடுக்க ஒரு விதி வேண்டும் என்று கறுப்பின மக்களின் உரிமை இயக்கம் கேட்டதும், பெரிய தொழிற் சம்மேளனத்தின் எதிர்ப்பால் பயனற்றுப் போயிற்று. மசோதா பிழைக்க வேண்டுமாயின் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பர். விட்டுக்கொடுத்தது யாருடைய உரிமையை என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

நாட்டு வாழ்வில் நிறவெறியை வாக்னர் பொருட்படுத்தாதவரல்லர் என்பதால் இது மேலும் வருத்தம் தருவது. கும்பல் கூடி, விசாரணையின்றி மனிதரைத் தூக்கிலிடும் கொடுமைக்கு எதிராக, கொலராடோ உறுப்பினர் காஸ்டிகனுடன் சேர்ந்து 1934இல் மசோதா கொண்டுவந்தவர் இவர். தென் மாநில உறுப்பினர்கள் வாக்கெடுப்பே நடவாதபடி நாட்கணக்கில் பேசிப் பேசி 1935இலும் 1938இலும் அம்முயற்சியை அழித்தனர். அத்தகைய தேசியச் சட்டம் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே வந்தது. 1939இல், ஹிட்லரின் ஆட்சியினின்று தப்பும் பிள்ளைகள் 20,000 பேரைக் குடியேற்ற வரம்பிற்கு அப்பால் அனுமதிக்க வேண்டும் என்று எடித் ரோஜர்ஸ் அம்மையாருடன் சேர்ந்து கேட்டார். அப்பிள்ளைகளை வரம்பிற்குள்ளேயே எண்ணவேண்டும் என்று குழு மாற்றியது. பிள்ளைக்கு இடம் தர ஒரு பெரியவரைத் திருப்பியனுப்ப வேண்டிவரும். அதற்கு வாக்னர் உடன்படவில்லை. மசோதா வீழ்ந்தது. 1937ஆம் ஆண்டு வீட்டு வசதிச் சட்டம் வென்றது. 1943இல் கொணர்ந்த தேசிய மருத்துவக் காப்புறுதி மசோதா தோற்றது. 1949 ஜூனில் பதவி துறந்த வாக்னர், 1953 மே 4ஆம் நாள் காலமானார்.

விவசாயக் கூலிகளின் விலக்கு தேசியச் சட்டத்தில் இன்றும் நீங்கவில்லை. மாநிலங்கள் சிலவே தாமாக வழிகண்டன. அவற்றுள் ஒன்று, அப்போது மாநிலமாகவும் ஆகாத ஹவாயி. கரும்பு, அன்னாசித் தோட்டங்கள் நிறைந்த அத்தீவுகளின் சட்டமன்றம் 1945இல் ‘சிறிய வாக்னர் சட்டம்’ ஒன்றை இயற்றித் தோட்டத் தொழிலாளரையும் அதனுள் சேர்த்தது. மறு ஆண்டே ஜப்பானியரும் பிலிப்பினோக்களுமாக ஏறத்தாழ 26,000 கரும்புத் தோட்டத் தொழிலாளர், இனவாரியாகப் பிரிந்து நின்று தோற்ற பழைய நாட்களை மறந்து, 79 நாட்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்து வென்றனர். கலிபோர்னியா 1975இல் தனிச் சட்டம் கண்டது. வாக்னரின் சொந்த மாநிலமாகிய நியூயார்க், 1937இல் அவர் சட்டத்தைப் பின்பற்றித் தனக்கொன்று இயற்றியபோது, அந்த விலக்கையும் அப்படியே எடுத்துக்கொண்டது. விவசாயத் தொழிலாளரின் சங்க உரிமையை அம்மாநிலம் ஏற்றது 2019 ஜூலையில். நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி முதல் நாள்.