காது கொடுத்துக் கேட்பதும் ஒரு வித்தை!

ரயிலில் செங்கல்பட்டைத் தாண்டுகிறவர்கள் கொளவாய் ஏரியைப் பார்த்து மகிழ்வார்கள். அதே ஊரில் மதில் சுவருக்குள் சில சிறுவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி நினைப்பவர் குறைவு.

குற்றம் செய்த சிறுவர்களைத் திருத்த, வெள்ளைக்காரர் காலத்திலேயே செங்கல்பட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. பெரிய கைதிகளோடு சேர்த்து அடைத்தால் சிறுவர்கள் மேலும் கெட்டுப் போவார்கள் என்பதே காரணம். 1920-ல் சென்னை மாகாணம் சிறுவர் சட்டம் கொண்டு வந்தது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அதுதான்.

இன்று சீர்திருத்தப் பள்ளி என்ற பெயர் இல்லை. விசாரணை நடக்கும்போது சிறுவனை வைத்திருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். விசாரணை முடிந்து உத்தரவு வந்தபின் அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். செங்கல்பட்டில் இருப்பது சிறப்பு இல்லம்.

அங்கே சோறு உண்டு. படிப்பு உண்டு. கைத்தொழில் உண்டு. ஆனால், இரவில் ஒரு பையன் தலையணையில் முகம் புதைத்து அழுதால், அவன் மனத்தில் இருப்பதைக் கேட்பது யார்?

சாப்ளின் யார்?

மேல்நாடுகளில் இதற்கென்றே ஓர் ஆள் உண்டு. அவருக்குச் சாப்ளின் என்று பெயர். ஜெயில், ஆஸ்பத்திரி, பட்டாளம், கல்லூரி ஆகிய இடங்களில் தங்கி, அங்குள்ளவர்களின் துயரத்தைக் கேட்டு ஆறுதல் சொல்லும் சமயப் பணியாளர் அவர். நம் நாட்டிலும் கிறிஸ்தவ ஆஸ்பத்திரிகளில் சாப்ளின்கள் இருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இவர்களுக்குத் தனித் துறையே உண்டு.

நல்ல மனம் இருந்தால் போதாதா? இதற்கு எதற்குப் பயிற்சி? என்று கேட்கலாம். போதாது என்பதைத்தான் சரித்திரம் சொல்கிறது.

சிறைக்குள் ஒரு பாடம்

இத்தாலியில் தூரின் என்று ஒரு நகரம். 1841-ல் அங்கே ஓர் இளம் குரு வந்தார். பெயர் ஜான் போஸ்கோ. அவருக்கு ஆசானாக இருந்தவர் ஜோசப் கஃபாசோ என்ற குரு. ஆசானுக்கு வயது நான்குதான் கூடுதல்!

கஃபாசோ புத்தகத்தோடு நிறுத்தவில்லை. சீடரைச் சிறைக்கு அழைத்துப் போனார். அங்கே போஸ்கோ கண்டது என்ன? பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்கள் கூட்டம் கூட்டமாக அடைந்து கிடந்தார்கள். விடுதலையானவர்களில் பலர் மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். வெளியே அவர்களை ஏனென்று கேட்க ஒருவரும் இல்லை. அதனால்தான் திரும்பி வருகிறார்கள் என்று போஸ்கோ கண்டுகொண்டார்.

தண்டித்துத் திருத்துவதைவிட, தவறு நேராமல் கூடவே இருந்து காப்பது மேல். இதுவே அவர் கொள்கை. அதை 1877-ல் எழுதியும் வைத்தார். 1888-ல் அவர் காலமானார். அவருடைய சலேசிய சபையினர் 1906-ல் தஞ்சாவூருக்கு வந்து தமிழ்நாட்டிலும் பணியைத் தொடங்கினார்கள்.

நோயாளியே ஆசிரியரானார்!

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு போதகர் இருந்தார். 1920-ல் அவருக்கே சித்தம் கலங்கி, மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். குணமானதும் அவர் அந்த அனுபவத்தை மறைக்கவில்லை. வூஸ்டர் நகர மனநோய் ஆஸ்பத்திரியில் சாப்ளின் ஆனார். 1925-ல் நான்கு மாணவர்களை அங்கே வரவழைத்தார். புத்தகத்தைப் படிப்பது போலவே மனிதனையும் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இன்று உலகெங்கும் நடக்கும் சாப்ளின் பயிற்சிக்கு அதுவே தொடக்கம்.

இந்தப் பயிற்சியில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. பேசி முடித்த பிறகு, இருவரும் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி வர வேண்டும். மற்றவர்கள் முன் அதைப் படிக்க வேண்டும். குறை எங்கே என்று எல்லோரும் அலசுவார்கள்.

உதாரணமாக, ஒரு பையன், "இன்றைக்கும் அம்மா வரவில்லை" என்கிறான். பயிற்சிக்கு வந்தவர், "கவலைப்படாதே, நாளைக்கு வருவார்" என்கிறார்.

இதில் என்ன தவறு? அம்மா நாளை வருவார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வராவிட்டால் பையன் இனி யாரை நம்புவான்? அதோடு, அவன் மேலே பேச முடியாமல் வாயை அடைத்துவிட்டார். "அம்மாவை எதிர்பார்த்துக் கொண்டிருந்தாயா?" என்று கேட்டிருந்தால் போதும். பையன் மனம் திறந்திருப்பான்.

குழந்தைகளிடம் இன்னும் கவனம் தேவை. சின்னக் குழந்தை வாயால் சொல்லாததைப் படம் வரைந்தும் விளையாடியும் காட்டும். தனக்கு நோய் வந்ததற்குத் தன் தவறுதான் காரணம் என்றுகூட நினைத்துக்கொள்ளும். அது புரியாமல் உபதேசம் செய்தால் புண்ணில் வேல் பாய்ச்சியது போல ஆகும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கவும் கூடாது. பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம் அப்படிக் கட்டளையிடுகிறது.

மதம் குறுக்கே வரலாமா?

நம் நாடு பல மதத்தவர் வாழும் நாடு. அரசு உதவி பெறும் கல்விக்கூடத்தில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் சிறுவனைச் சமயப் போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு. எனவே, கலங்கி நிற்கும் பிள்ளையிடம் மதம் மாற்றும் பேச்சு கூடாது. அவன் சாமியை அவன் கும்பிட உதவுவதே நல்ல சாப்ளினுக்கு அழகு.

அரசு இல்லங்களில் மனக்குறை கேட்க வேண்டியவருக்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயர். நல்ல தமிழ்ப் பெயர்! ஆனால், காவலரும் சமையல்காரரும்கூடக் கேட்கப் பழக வேண்டும். ஏன் தெரியுமா?

2022 டிசம்பர் கடைசியில், செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரம் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அடித்ததால்தான் இறந்தான் என்று வழக்குப் பதிவாகி, இல்ல ஊழியர்கள் கைதானார்கள். சிறுவர் இல்லங்களைச் சீர்படுத்த வழி கூறும்படி 2023-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்தது. இல்ல ஊழியர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் உண்டு என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் கூறுகிறது.

தண்டனைக்குப் பயந்து கை ஓங்காமல் இருக்கலாம். ஆனால், பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதைச் சட்டம் கற்றுத் தராது. பயிற்சிதான் கற்றுத் தரும்.

பெற்றோரே, ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டால் 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். காசு செலவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை முகம் வாடி வந்தால், "ஏன்டா அப்படிச் செய்தாய்?" என்று அதட்டுமுன் அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். வீட்டில் கேட்க ஆள் இருக்கும் பிள்ளை, ஆறுதல் தேடித் தெருவில் அலைய மாட்டான்.