சுண்ணாம்புப் பாறையும் அமிலமும்

மும்பை செம்பூரின் திலக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ளன. 1950களில் இறக்குமதிக் கச்சா எண்ணெயை நம்பி எழுந்த இவ்வாலைகளுக்கு, பின்னர் மும்பை ஹை எண்ணெயும் உரான் வழியாகக் குழாயில் வரலாயிற்று. நகருக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், 1974இல் கண்டறியப்பட்ட இக்கடலடி வயல் 1976 மே மாதத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. அங்கு எண்ணெய் தங்கியிருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் நுண்துளைகளில்.

இத்தகைய கிணற்றின் உற்பத்தி குன்றியதும், அடியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டலாகாது. நாற்புறமிருந்தும் வரும் எண்ணெய் கிணற்றருகே குவிவதால், அழுத்த இழப்பில் கணிசமான பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் நேர்கிறது. துளையிடும்போது புகுந்த சேறோ, பிற்பாடு படிந்த உப்போ அவ்விடத்தை அடைத்தால், வளமான பாறையும் வறண்டது போலத் தோன்றும். கிணற்றைச் சில காலம் மூடி, அழுத்தம் மீளும் விதத்தை அளந்தால் அடைப்பு உண்டா என்பது தெரியும்.

அடைப்பு உறுதியானால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தப்படுகிறது. 15 சதவீத அமிலம் ஒரு கன மீட்டர், சுமார் 220 கிலோகிராம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். கால்சியம் குளோரைடும் நீரும் கரியமில வாயுவும் உண்டாகும். மிக மெதுவாகச் செலுத்தினால் அமிலம் சுவரிலேயே தீர்ந்துபோகும். தக்க வேகத்தில் செலுத்தினால், மரத்தைப் புழு குடைவதுபோல் அடைப்பைத் தாண்டி வழிகள் அமையும்.

அமெரிக்காவில் ஹெர்மன் ஃப்ராஷ் 1896இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். எனினும், இரும்புக் குழாயையும் அமிலம் அரித்தமையால் முறை பரவவில்லை. 1932இல் மிச்சிகனில் ஆர்சனிக் சேர்த்து அரிப்பைத் தடுத்த பின்னரே அது நிலைபெற்றது. நச்சுத்தன்மை மிக்க ஆர்சனிக்கின் இடத்தைப் பின்னாளில் கரிமச் சேர்மங்கள் பிடித்தன.

பெரிய இடர் வேறு. அமிலம் எளிதாகப் பாயும் அடுக்கையே நாடும். முதிர்ந்த வயலில் அது நீர் நிறைந்த அடுக்காக இருக்கக்கூடும். அப்போது எண்ணெய்க்கு மாறாக நீருக்கு வழி திறந்துவிட்டவர்களாவோம்! இதனைத் தவிர்க்க, அவ்வடுக்கை நுரையாலோ கரையக்கூடிய துகள்களாலோ தற்காலிகமாக அடைப்பர்.

புதுக் கிணறு தோண்டுவதை நோக்க இதற்காகும் செலவு சிறிது. ஆயினும், முதல் நாளின் பெருக்கைக் கொண்டு பயனை மதிப்பிடுவது சரியன்று. அதில் ஒரு பகுதி, நாளை வரவேண்டிய எண்ணெய் இன்றே வந்ததாகவும் இருக்கலாம். வினை முடிந்த அமிலத்தை வெளியேற்றியபின், எண்ணெயையும் நீரையும் பல வாரங்கள் தனித்தனியே அளந்த பிறகே கணக்குப் பார்க்க இயலும்.