போலீஸ் தேர்வும் ஒரு வழக்கும்

தேர்வு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் விளைவும் ஒன்றாக இருக்கிறதா? இந்தக் கேள்வி அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு வழக்காகவே எழுந்தது.

அங்கே போலீஸ் வேலைக்கு மனுச் செய்தவர்கள் மொழித்திறன் தேர்வு ஒன்றை எழுத வேண்டியிருந்தது. 80 கேள்விகளில் 40 சரியானால் தேர்ச்சி. 1968 முதல் 1971 வரை, வெள்ளையரில் நூற்றுக்கு 13 பேர் தோற்றனர். கறுப்பினத்தவரில் நூற்றுக்கு 57 பேர் தோற்றனர். வேலை மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் இருவர், 1970இல் தொடங்கிய ஒரு வழக்கில் சேர்ந்தனர். இந்தத் தேர்வுக்கும் போலீஸ் வேலைத் திறமைக்கும் தொடர்பில்லை என்று வாதாடினர்.

1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றனர். 1976இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றனர். ஏன்? அவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தின்படி நியாயம் கேட்டார்கள். அந்தச் சட்டத்தின்கீழ் விளைவைக் காட்டினால் மட்டும் போதாது, பாகுபாடு காட்டும் எண்ணம் இருந்ததையும் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். விளைவையே கருத்தில் கொள்ளும் வேலைவாய்ப்புச் சட்டமோ, 1972இல்தான் அரசாங்க வேலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது.

நியாயம் நம் பக்கம் இருந்தால் மட்டும் போதாது. எந்தச் சட்டத்தின்படி கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஆகவே நம் பிள்ளைகளின் தேர்வு முடிவில் குறை கண்டால், கடிதங்களைப் பத்திரப்படுத்துவோம்; காலம் தாழ்த்தாமல் சட்டம் அறிந்தவரைக் கேட்போம்.